ஜோவுக்கு மூன்றே கதைகளா?

சிறுவர் துப்பறியும் கதைகளின் துணைப் பாத்திரங்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ஜோ என்ற ஏழைச் சிறுமிக்கு ஒரு வரிகூட இல்லையே! ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் ஐவர் குழுத் தொடரில் (The Famous Five, 1942–1963) 21 நாவல்கள். ஜூலியன், டிக், ஆனி, ஜார்ஜ் என்ற நான்கு பிள்ளைகளும் டிம்மி என்ற நாயும்தான் அந்த ஐவர். ஜோ வருவது மூன்றில் மட்டும். 1950-இல் கடற்கரையில் அறிமுகமாகிறாள். பையனைப் போலத் திரியும் பெண்ணான ஜார்ஜைப் போலவே சுருட்டை முடி, அதே முரட்டுத்தனம். பையன் என்று நினைத்து டிக் ஒரு குத்து விட்டுவிட்டு, பெண் என்று தெரிந்ததும் கூனிக் குறுகி நிற்பான். அப்புறம் அவனுக்காக அவள் எதையும் செய்வாள். சுவரில் படர்ந்த கொடியைப் பிடித்துக் கோபுரம் ஏறி ஜார்ஜை மீட்பவளும் அவள்தான்.

அந்த நால்வரும் விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். அவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. பசி தெரிந்தவள் ஜோ ஒருத்திதான். அவளை ஜார்ஜ் வீட்டுச் சமையற்காரம்மாவின் உறவினர் வீட்டில் சேர்த்துவிட்டு ஆசிரியர் கைகழுவிவிட்டார். ஆனி (அவளுடைய ரசிகர்கள் மன்னிக்க) 21 கதைகளிலும் சாப்பாட்டுக் கூடையை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.