“வீட்டில் யாரும் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள்

போன வருஷம் நியூ ஜெர்சியில் எங்கள் மேல்வீட்டுப் பெண்ணுக்குக் குடல்வால் வெடித்து அவசர அறுவை சிகிச்சை நடந்தது. வேலைக்காகத் தனியாக வந்தவள், குடும்பம் முழுக்கத் திருச்சியில். சேர்க்கும்போது நர்ஸ், “வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார். வலியில் துடித்துக்கொண்டிருந்தவள் “யாரும் இல்லை” என்று சொல்லிவிட்டாள். அவசரத் தொடர்புக்கு ஊரில் இருக்கும் அண்ணன் நம்பர்.

தினமும் ரசம் சாதம் கொண்டுபோன நான் அங்கே வெறும் விசிட்டர். நான்காம் நாள் காலையில் அவளே போன் செய்தாள்: “அக்கா, டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க, வர முடியுமா?” நான் போய்ச் சேர்வதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடமே சொல்லி முடித்திருந்தார்கள். வலி மருந்தின் மயக்கத்தில் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. கையில் ஒரு கத்தைத் தாள்.

வயிற்றிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குமிழ். உள்ளே தேங்கும் நீரை இழுக்கும் வடிகுழாய், ‘டிரெயின்’ என்பார்கள். அன்று ராத்திரி குமிழைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, 30 மில்லி என்று குறித்துக்கொண்டு மூடினோம். விடிந்து பார்த்தால் குமிழ் காற்றடைத்து உப்பிக் கிடக்கிறது, ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. குமிழைச் சப்பையாக அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மூடியைப் போட வேண்டுமாம், அப்போதுதான் உறிஞ்சும். அரை நிமிஷத்தில் செய்து காட்டியிருக்கலாம். அது தாளில் எங்கேயோ ஆறாம் பக்கத்தில் இருந்தது.

இதற்கென்றே இங்கே ஒரு சட்டம் இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கேர் ஆக்ட் என்பார்கள். 2014இல் ஓக்லஹோமாவில் முதலில் வந்தது, அதே வருஷம் நியூ ஜெர்சியிலும். ஏஏஆர்பி என்ற மூத்தோர் அமைப்பு மாநிலம் மாநிலமாகப் போராடி, இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் கொண்டுவந்திருக்கிறது. நோயாளி தன்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரைச் சொன்னால் ஆஸ்பத்திரி அதைப் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் முன் அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், வீட்டில் செய்ய வேண்டிய மருத்துவ வேலைகளை அவருக்குச் சொல்லித் தர வேண்டும். உங்கள் விவரங்களை அவரிடம் சொல்லலாம் என்று கையெழுத்துக் கேட்பார்கள், போட்டுவிடுங்கள்.

நம்மில் பலருக்குத் தெரியாதது, அந்த நபர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை என்பது. தோழியோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும். பெயர் கொடுத்ததாலேயே அவர் மாட்டிக்கொள்வதும் இல்லை, செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சிகிச்சையை முடிவு செய்யும் உரிமையும் அவருக்குப் போய்விடாது, அதற்கு வேறு படிவம். அவசரத் தொடர்பும் இதுவும் ஒன்றல்ல. எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணனால் எப்படி டிரெயினை அழுத்திக் கொடுக்க முடியும்?

ஏஏஆர்பி 2012இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தினரைக் கவனித்துக்கொள்பவர்களில் 46 சதவீதம் பேர் ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது போன்ற நர்ஸ் வேலைகளையே செய்கிறார்கள் என்று சொன்னார்கள். நர்ஸுகளுக்கு வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்துச் செய்ய வைக்கும் வேலையை ஒரு தாளைக் கொடுத்து வீட்டுக்காரர்கள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. வீட்டில் யார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவதும் போதாது. “உறவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நண்பர் பெயர்கூடச் சொல்லலாம்” என்று சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? தனியாக வந்து உழைக்கும் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களும் கூச்சப்படாமல் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், பெயர் கொடுக்கப்பட்டவர் “நான் ஒரு தடவை செய்து காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்” என்று கேட்க வேண்டும்.

போன மாதம் எனக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை. படிவத்தில் மேல்வீட்டுப் பெண்ணின் பெயரைக் கொடுத்தேன். உறவுமுறை என்ற இடத்தில் ‘பக்கத்து வீடு’ என்று எழுதினேன். கிளம்பும் முன் நர்ஸ் அவளைக் கட்டிலருகே கூப்பிட்டு, கட்டு மாற்றும் விதத்தைக் காட்டி, அப்புறம் கையுறையை அவளிடம் நீட்டினார்.