வாயைக் கட்டச் சொல்பவர்களிடம்

உடல் பருமனாக இருக்கும் ஒருவரைப் பார்த்து "கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?" என்று கேட்கும் உரிமையை நம் ஊரில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். பல ஆண்டு கழித்துச் சந்திக்கும் பள்ளித் தோழி கேட்கிறார். சிகிச்சைக்குப் போனால் மருத்துவரும் அதே தொனியில் கேட்கிறார். தின்பதைக் குறைத்து உழைப்பைக் கூட்டினால் எடை தானாக இறங்கும் என்பது இவர்கள் எல்லோரும் நம்பும் கணக்கு. வரவு, அதாவது தின்பது, நம் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். செலவை, அதாவது எரிக்கும் ஆற்றலை, உடம்புதான் தீர்மானிக்கிறது. நம்மைக் கேட்டுக்கொண்டு அது செய்வதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றி நடக்கும் விவாதங்களைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நாளில் நாம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு, நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் செலவாகிவிடும். இதயமும் கல்லீரலும் சிறுநீரகமும் ஓய்வெடுப்பதில்லை. அந்த ஓய்வுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. உண்டதைச் செரிக்க இன்னொரு 10 விழுக்காடு. நடப்பதும் மாடி ஏறுவதும் துணி துவைப்பதும் உடற்பயிற்சியும் மிச்சத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த மிச்சத்தைக் கூட்டினால் மொத்தமும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நாள்தோறும் காட்டில் அலையும் அவர்களும், மேலை நாட்டு நகரவாசிகளும், உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், ஏறக்குறைய ஒரே அளவு கலோரியைத்தான் செலவழித்தார்கள். உழைப்பு கூடும்போது உடம்பு வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். நடைப்பயிற்சி வீண் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் அதைப் போல நல்லது வேறில்லை; இறங்கிய எடை மீண்டும் ஏறாமல் இருக்கவும் உதவும். எடையை இறக்குவதில் மட்டும் அதன் பங்கு நாம் நம்புவதைவிடச் சிறியது.

என்னை மிகவும் உலுக்கியது இன்னொரு ஆய்வு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்பதையே போட்டியாக்கிய 'தி பிக்கெஸ்ட் லூசர்' நிகழ்ச்சியின் போட்டியாளர்கள் 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் மீண்டும் அளந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 30 வாரப் போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். கொடுமை அதோடு முடியவில்லை. அவர்களின் ஓய்வுச் செலவு, அந்த உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. ஒரு வேளைச் சாப்பாட்டை உடம்பு செலவுக் கணக்கிலிருந்து அடித்துவிட்டது, எடை திரும்பிய பிறகும் அதைத் திருத்தவில்லை.

லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். கொழுப்புச் செல்களில் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு கரைந்தால் லெப்டினும் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை முடிவுகட்டிப் பசியைக் கூட்டும், செலவைச் சுருக்கும். போட்டியின் முடிவில் அந்த 14 பேரிடம் லெப்டின் கிட்டத்தட்ட வற்றியிருந்தது. அந்த நிலையில் ஒருவரிடம் போய் மன உறுதி போதவில்லை என்று சொல்வது அநியாயம்.

என் அத்தை மகளுக்கு முழங்கால் வலி. "முதலில் இருபது கிலோவைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார் ஒரு மருத்துவர். எப்படிக் குறைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் அதன்பின் எந்த வலிக்கும் மருத்துவமனைக்குப் போக மறுக்கிறாள். இப்படி எத்தனை பேரை நாம் சிகிச்சையிலிருந்து விரட்டியிருக்கிறோம்?

செலவைச் செயற்கையாகக் கூட்டிவிடலாமே என்ற ஆசை பழையது, ஆபத்தானதும்கூட. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, காய்ச்சல் அடித்தது, உடல் இளைத்தது. சிலர் இறந்தே போனார்கள். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா சேமிக்க வேண்டிய ஆற்றலை இது வெறும் வெப்பமாக வீணடித்துவிடும். 1933இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதையே எடைக்குறைப்பு மருந்தாக்கினார்கள். எடை உண்மையாகவே இறங்கியது. கண்புரை வந்தது, உடல் சூடு எல்லை மீறி உயிர்களும் போயின. 1938இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் கீழ் அது மனிதருக்கு ஆகாதது என்று ஒதுக்கப்பட்டது. அளவு மீறினால் அதை முறிக்கும் மருந்து கிடையாது. இணையத்தில் இன்றும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். "மெட்டபாலிசத்தைத் தூண்டும்", அதாவது உடம்பின் ஆற்றல் செலவைக் கூட்டும் என்று விளம்பரம் செய்யும் எந்தப் பொடியையும் மாத்திரையையும் வாங்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

இன்றைய ஊசிகள் முக்கியமாகப் பசியின் பக்கம் வேலை செய்பவை. சாப்பிட்டபின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல நடித்து, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. இந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளூட்டைடின் ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு எடை குறைந்தது. இன்னொரு ஊசியான டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரங்களில் 21 விழுக்காடு வரை. இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சையும் வெறும் பையைச் சிறிதாக்கும் வேலை மட்டும் இல்லை. அதன்பின் குடல் ஹார்மோன்களும் மாறுகின்றன, பசி அடங்குகிறது.

"ஊசியை நிறுத்தினால் எடை திரும்பிவிடுகிறதே, பிறகென்ன மருந்து?" என்று கேட்கிறார்கள். உண்மைதான். செமாகுளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதற்காக அந்த மாத்திரையை யாரும் ஏமாற்று என்பதில்லை, போட்டுக்கொள்பவரைச் சோம்பேறி என்பதில்லை. பருமனுக்கு மட்டும் ஏன் இந்தத் தனி நீதி?

ஊசிகள் அப்பாவி மருந்துகள் என்று நான் சொல்லவில்லை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணம். பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். கொழுப்போடு தசையும் கரைவதால் புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் கட்டாயம். பருமனே இல்லாதவர்கள் நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து கிலோ குறைக்க மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்வது எனக்குச் சிறிதும் ஒப்பவில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். டிர்செபடைடும் செமாகுளூட்டைடு எடைக்குறைப்பு ஊசியும் 2025இல் இந்தியாவுக்கு வந்தபோது, மாதச் செலவு பல ஆயிரம் ரூபாய். செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். விலை இறங்கும் வாய்ப்பு இருக்கும்போது, அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை நோய்ப் பிரிவைப் போலவே பருமனுக்கும் புறநோயாளிப் பிரிவு வேண்டும். இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், முழங்கால் எல்லாவற்றையும் பார்த்து, உண்மையில் தேவைப்படுபவருக்கு ஊசியோ அறுவைச் சிகிச்சையோ அங்கே கிடைக்க வேண்டும். ஊசி நீண்ட காலத்துக்கானது என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும், நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து.