ஒரு பவுண்டு குறைந்தால் நான்கு மாத உழைப்பும் வீணா?

ஜூலைக் கடைசி, உச்சி வெயில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை டிரெய்லர்கள், அத்தனைக்கும் ஒரே ஒரு தராசு. அமெரிக்காவில் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த பன்றியைக் காட்சிக்கு வைத்து ஏலத்தில் விற்கும் கவுண்டி (மாவட்டம் மாதிரி) கண்காட்சிக்கு வரும் குடும்பங்களை எத்தனையோ இடங்களில் இன்னும் இப்படித்தான் நிற்க வைக்கிறார்கள். பன்றியின் எடை குறித்த எல்லைக்குள் இருந்தால்தான் ஏலத்தில் இடம். கேட்டால் "விதி அப்படி" என்கிறார்கள். அந்த விதியைத்தான் கேட்கிறேன். யாருக்காக எழுதியது அது?

கணக்கைப் பாருங்கள். 4-எச், எஃப்எஃப்ஏ என்ற இளையோர் வேளாண் அமைப்புகளில் ஒன்றில் இருக்கும் ஒரு பிள்ளை ஏப்ரல் 10-இல் 60 பவுண்டு எடையுள்ள (சுமார் 27 கிலோ) குட்டி வாங்குகிறது. ஜூலை 25-இல் எடை. இடையில் 106 நாள். நாளுக்கு 1.9 பவுண்டு ஏறினால் 261-இல் வந்து நிற்கும். 1.6 ஏறினால் 230. 2.2 ஏறினால் 293. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பிள்ளையின் அலட்சியம் என்றா நினைக்கிறீர்கள்? குட்டியின் வம்சம், நடுவில் ஒரு வாரம் வந்த இருமல், ஜூன் மாத வெக்கை. 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே பெரிய பன்றி தீனியைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் விதிப் புத்தகத்தில் 230-க்குக் கீழே போனாலும் 280-ஐத் தாண்டினாலும் ஏலத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. (கவுண்டிக்குக் கவுண்டி எண் மாறும். பிடிவாதம் மட்டும் மாறாது.)

ஏலத்தில் இடமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டும். ஒரு பவுண்டு எடை ஏற ஏறக்குறைய மூன்று பவுண்டு தீனி வேண்டும். 200 பவுண்டு ஏற்ற 600 பவுண்டு, அதாவது 50 பவுண்டு மூட்டை பன்னிரண்டு. குட்டியின் விலை, மருந்து, உமி, மின்விசிறி எல்லாம் தனி. உள்ளூர் வியாபாரிகள் சந்தை விலைக்கு மேலே போட்டுக் கொடுக்கும் அந்த ஏலத்தொகையில்தான் இது ஈடாகும். ஏலத்துக்கு வெளியே வெறும் சந்தை விலை. அடுத்த வருடக் குட்டிக்கு வைத்திருந்த பணம் அங்கேயே போய்விடுகிறது.

அதனால் குடும்பங்கள் என்ன செய்கின்றன? கடைசி மூன்று வாரம் பன்றியை எடைக்குள் 'பிடித்து' வைக்கிறார்கள். ஆறேழு பவுண்டு தின்னும் விலங்குக்கு நாலு பவுண்டு, அதிலும் ஓட்ஸைக் கலந்து. அதுகூடப் பரவாயில்லை. முதல் நாள் இரவு தண்ணீரை அடைக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கோடையில் வளர்ந்த பன்றி நாளுக்கு 3 முதல் 5 கேலன் குடிக்கும். தண்ணீர் இல்லாமல் கிடந்த பன்றியின் மூளையில் உப்பு ஏறிக்கிடக்கும். எடை போட்ட கையோடு வாளி வாளியாகக் குடிக்க விட்டால் மூளை வீங்கிவிடும். கண் தெரியாமல் சுவரில் முட்டும், நாய் மாதிரிக் குத்த உட்காரும், பின்னால் பின்னால் நகரும், வலிப்பில் விழும். நீண்ட நேரம் தாகத்தில் கிடந்த பன்றிக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுத்தான் தர வேண்டும். இதை எத்தனை பேர் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

கீழ் எல்லையில் நிற்கும் பன்றிக்கு வேறு கொடுமை. வீட்டுத் தராசில் 236. பயணத்தில் 3 சதவீதம் இறங்குவது சர்வசாதாரணம், ஏழு பவுண்டு போய்விடும். இங்கே 229. ஒரு பவுண்டில் வெளியே! தராசையும் நம்ப முடியாது. மேடையில் சாணமும் சேறும் அப்பிக்கொண்டே போய் எடையைக் கூட்டிக் காட்டும். நாற்பது பன்றி ஏறி இறங்கிய பிறகும் கழுவிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் அடுத்ததை ஏற்றினால் அந்த எண்ணை எப்படி நம்புவது? ஒவ்வொரு பத்துப் பன்றிக்கும் ஒருமுறை பூஜ்யத்தைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை.

வரிசையில் நிற்பதைச் சொல்லாமல் விட முடியாது. பன்றிக்கு வியர்த்துக் குளிராது. அலுமினிய டிரெய்லரில் வண்டி ஓடும்போதுதான் காற்று, நின்றால் அடுப்பு. உடல் சூடு 102.5 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், தோல் திட்டுத் திட்டாகச் சிவந்தால், உடனே நிழலுக்கு இறக்குங்கள், தரையை நனையுங்கள், விசிறியைத் திருப்புங்கள். ஐஸ் தண்ணீரை மொத்தமாக மேலே கொட்டாதீர்கள், அதிர்ச்சியிலேயே செத்துவிடும். வரிசையை விட்டு விலகினால் இடம் போய்விடும் என்று யாராவது சொன்னால் போகட்டும் என்று விடுங்கள்.

கொட்டிலுக்குப் போன பிறகு குளோரின் நாற்றமடிக்கும் நகராட்சித் தண்ணீரைப் பல பன்றிகள் தொடாது. அதற்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பழச்சுவையுள்ள ஜெலட்டின் பொடியை (ஜெல்லி செய்யும் பொடி) வாடை தெரியாதபடி தண்ணீரில் கலந்து பழக்க வேண்டும். அங்கேயும் அதே பொடி. தொட்டியில் குடித்துப் பழகியதற்கு வாயால் அழுத்திக் குடிக்கும் நிப்பிள் குழாய் தெரியாது, அதையும் வீட்டிலேயே பழக்குங்கள்.

"இறைச்சிக்கூடம் இந்த எடைதான் கேட்கிறது" என்பது கண்காட்சிக் குழுக்களின் வழக்கமான பதில். இன்று அமெரிக்காவில் வெட்டுக்குப் போகும் பன்றியின் சராசரி உயிர் எடையே 280 பவுண்டைத் தாண்டிவிட்டது. 250 பவுண்டு சராசரியாக இருந்த காலத்து மேல் எல்லையை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைகளைத் தண்டிக்கிறார்கள். எடை தப்பினால் கூடம் விலையைத்தான் குறைக்கும். அதே மாதிரி ஏலத்தொகையில் கொஞ்சம் கழியுங்களேன், ஏன் கதவையே சாத்துகிறீர்கள்?

கண்காட்சியில் பன்றிகளை ஐந்தாறு நாள் அடைத்து வைப்பதும் எதற்கு? 2012-இல் பன்றியிடமிருந்து பரவிய எச்3என்2வி என்ற ஃப்ளூ காய்ச்சல் அமெரிக்காவில் 309 பேருக்கு உறுதியானது. பெரும்பாலும் பிள்ளைகள், கண்காட்சிகளில் பன்றியோடு இருந்தவர்கள். கண்காட்சியில் 72 மணி நேரத்துக்கு மேல் பன்றியை வைக்காதீர்கள் என்று கால்நடைப் பொதுச் சுகாதார வழிகாட்டுதலே சொல்கிறது. வந்த அன்றே எடை, மறுநாள் காலை காட்சி, மூன்றாம் நாள் ஏலம். தாராளமாக முடியும்.

காலை ஐந்தரைக்குத் தராசைத் திறவுங்கள். குடும்பத்துக்கு இருபது நிமிடம் என்று நேரம் ஒதுக்குங்கள். பயண இழப்புக்கு இரண்டு எல்லையிலும் ஐந்து சதவீதம் விட்டுக்கொடுங்கள். வரிசையில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நிழற்பந்தல். இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. பெற்றோர்களே, அடுத்த வருட விதிப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள், குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.