அசைக்ளோவிர் கிட்னியைக் கெடுக்குமா?

"அக்கிக்கு அசைக்ளோவிர் போட்டால் கிட்னி போய்விடும், காவி பூசினாலே போதும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுப் பயத்தைக் கிளப்புகிறார்கள்.

அசைக்ளோவிர் ஒரு வைரஸ் எதிர்ப்பு மருந்து. அது பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். உடலில் நீர் வற்றியிருந்தால், அதிலும் ஊசி மருந்தாக வேகமாக ஏற்றினால், சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிப் பாதிக்கலாம். அதனால்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். குறைக்காவிட்டால் முதியவர்களுக்கு மனக்குழப்பம்கூட வரலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் குமட்டல், தலைவலி, அவ்வளவுதான்.

சரி, காவி? அக்கியை உண்டாக்கும் வைரஸை அது ஒன்றும் செய்யாது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன். கிட்னி பிரச்சினையோ வேறு மாத்திரைகளோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.