சேமக்காலையில் சந்தாக் கணக்கு வாசித்தவர்களுக்கு

சனிக்கிழமை சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்), மாமாவை அடக்கம் பண்ணும்போது நடந்ததைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இன்பொக்ஸில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எழுதாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன். துக்க வீடு, மாமி இன்னும் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கவில்லை, இந்த நேரத்தில் முகநூலில் சண்டை எதற்கு என்று. ஆனால் நேற்றிரவு யாரோ அன்று போதகர் செய்த பிரசங்கத்தில் ஒரு துண்டை வெட்டி, "ஆணித்தரமான சத்தியம், தவறாமல் கேளுங்கள்" என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே வரிசையாக ஆமென். ஆமென் போட்டவர்களில் பாதிப் பேர் மாமா வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள். இனி எழுதாமல் இருக்க முடியாது.

எந்தச் சபை, எந்தப் போதகர் என்று எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கொமெண்டில் கேட்க வேண்டாம்.

வீடியோ பார்க்காதவர்களுக்காக ஒரு முறை சொல்கிறேன். பெட்டி குழிக்குள் இறங்கவில்லை. மாமி பிளாஸ்டிக் கதிரையில் பக்கத்திலேயே இருக்கிறார். அப்போதுதான் போதகர் இதைச் சொன்னார்: "இந்தச் சகோதரன் ஆராதனைக்கு ஒழுங்காக வந்தாரா? சந்தா கட்டினாரா? சபைக்கு என்ன செய்தார்? கனி கொடாத மரத்தைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும்." அந்த மரம் வெட்டப்பட்டு அக்கினியில் போடப்படும் என்பதுதான் வேதம். அதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டாரே, எல்லாருக்கும் நன்றாக உறைக்கட்டும் என்று, அந்த இடைவெளிக்குத்தான் நான் இதை எழுதுகிறேன்.

போதகர் ஐயா, நான் உங்களிடம்தானே படித்தேன்? ஒவ்வொரு ஒக்டோபர் கடைசியிலும் சீர்திருத்த ஞாயிறு என்று சொல்லி, 1517, சபையைச் சீர்திருத்த எழும்பிய லூத்தர், அவருடைய 95 குறிப்புகள், பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள், பரலோகத்தைக் காசுக்கு விற்றார்கள் என்று தொண்டை கிழியப் பேசுவது நீங்கள்தானே? ஞாயிறு பாடசாலையில் நான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணக் கொடுக்கிற வசனத்தைத் தெரிவு செய்து தந்ததும் நீங்கள்தான். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." எபேசியர் 2:8. அடுத்த வசனம் இன்னும் முக்கியம், "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." ஏழு வயதுப் பிள்ளை இதைப் பிழையில்லாமல் சொல்லும். சேமக்காலைக்கு வந்ததும் பெரியவர்களுக்கு மட்டும் எப்படி மறந்துபோகிறது?

செப்டம்பரில் கத்தோலிக்க சனம் ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நடந்து போகும்போது நம் ஆட்கள் வீதியோரத்தில் நின்று சிரிப்பார்கள். "நடந்து மோட்சம் போகப் பார்க்கினம்." என் கத்தோலிக்கச் சிநேகிதி ஒருத்தி, பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம், வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் எடுத்தாள். அவள் சொன்னது இது: மனிதன் கிருபை இல்லாமல் தன் கிரியைகளாலேயே நீதிமானாகலாம் என்று சொல்கிறவனைக் கத்தோலிக்கத் திருச்சபையே சபித்திருக்கிறது, திரிதெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்), 1547, நீதிமானாக்கப்படுதல் பற்றிய தீர்ப்புகளில் முதலாவதே அதுதான். தேடிப் பார்த்தேன், உண்மை. லூத்தருக்கு எதிராகக் கூடிய சங்கம் சொன்னதைக்கூட நம் சேமக்காலைப் பிரசங்கம் எட்டவில்லை. 1999 ஒக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க்கில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் ஒரே தாளில் கையெழுத்து வைத்தார்கள், நம் புண்ணியத்தால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. 2006ல் மெதடிஸ்தர்களும் சேர்ந்துகொண்டார்கள். உலகம் சண்டையை முடித்துவிட்டது. நாம் இங்கே சந்தாப் புத்தகத்தோடு நிற்கிறோம்.

மாமா குடித்தார். நான் மறைக்கவில்லை, மட்டக்களப்பில் மறைக்கவும் முடியாது. நல்ல ஓடாவி (தச்சர்), கையில் வேலை இருந்தது, ஆனால் சம்பளம் கிடைத்த அன்று வீட்டுக்கு வருகிற வழி அவருக்கு நீளம். மாமி பட்ட பாடும் எனக்குத் தெரியும். அவரைப் பரிசுத்தவான் ஆக்க இந்தப் பதிவு இல்லை. பரிசுத்தவானுக்குத்தான் பரலோகம் என்றால் இதை எழுதவே தேவையில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான்தான் பகலில் நின்றேன். ஈரல் போய்விட்டது, வயிறு வீங்கி, கண் மஞ்சளாக, கை மட்டும் பழைய ஓடாவிக் கைதான், போர்வை விளிம்பைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருக்கும், பலகையின் வழுவழுப்புப் பார்க்கிற மாதிரி. ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டார், "புள்ள, என்னை எடுப்பாரோ?" யார் என்று நான் கேட்கவில்லை. எடுப்பார் மாமா என்றேன். "நீ சொல்லாத. அவர் என்ன சொல்லியிருக்கார் எண்டு வாசி." ஃபோனில் வேதாகமம் திறந்து ரோமர் 4:5 வாசித்தேன். "ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்." இன்னொருக்கா என்றார். இன்னொருக்கா வாசித்தேன். பாவியை என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, "அப்ப சரி" என்றார்.

அவ்வளவுதான். சாட்சி சொல்லவில்லை, அழவில்லை, கை தூக்கவில்லை. அப்ப சரி. நீங்கள் மேடையில் ஒரு மணித்தியாலம் விசுவாசம் என்று விளக்குகிற சாமானுக்கு மட்டக்களப்புத் தமிழில் இதைவிடக் குறைவாக யாரும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது வரும், எனக்குத் தெரியும். யாக்கோபின் நிருபம். "கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது." ஏற்கெனவே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள், ஒருவர் வெள்ளைப்புறாப் படத்தோடு. யாக்கோபு 2:17ம் 24ம் எனக்கும் தெரியும். 17க்கு முன்னால் இருக்கிற இரண்டு வசனங்கள் உங்களுக்குத் தெரியுமா? ஒரு சகோதரன் உடுப்பில்லாமல், சாப்பாடில்லாமல் இருக்க, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காதவனிடம்தான் யாக்கோபு கோபப்படுகிறார். உயிரோடு இருக்கிறவனைப் பார்த்து, நீ உன்னையே சோதித்துப் பார் என்கிறார். இன்னொருவனின் பெட்டிக்கு முன்னால் நின்று அவன் கனியை எண்ணச் சொல்லவில்லை. மாமா படுத்துக் கிடந்த காலத்தில் சபையிலிருந்து யார் யார் வந்தீர்கள் என்று யாக்கோபு எழும்பி வந்து கேட்டால் நம் எல்லாருக்கும் கஷ்டம். அதனால் அந்த வசனத்தைக் கவனமாகக் கையாளுங்கள்.

"அப்படியென்றால் குடித்துவிட்டு, கடைசியில் ஒரு சொல் சொன்னால் போதுமா?" இதைக் கேட்கிறவர்கள் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, சாகிற நேரத்தில் பரதீசு கிடைத்த கள்ளனிடம் போய்க் கேளுங்கள். இயேசு அவனிடம் ஞானஸ்நான அட்டை கேட்கவில்லை. பாவம் பெருகட்டுமா என்ற கேள்விக்குப் பவுல் ரோமர் 6ல் கூடாதே என்று பதில் சொல்லி முடித்துவிட்டார், நான் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையில் உங்களுக்கு எரிகிறது அதுவல்ல. நாங்கள் வெயிலில் நின்றோம், இவன் பொழுதுபடுகிற நேரம் வந்தான், இவனுக்கும் அதே கூலியா என்பதுதான். மத்தேயு 20, இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கூலிக்காரர் கதை. திராட்சத்தோட்டம் நமக்குத் தெரியாது, வட்டை (வயல்வெளி) தெரியும். விடியக் காலையில் இறங்கி இடுப்பொடிய நின்றவனுக்கும், பின்னேரம் சும்மா வந்து நின்றவனுக்கும் வயல் சொந்தக்காரரான போடியார் ஒரே கூலியைக் கொடுத்தால் காலையில் வந்தவன் என்ன பேச்சுப் பேசுவான் என்று படுவான்கரையில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கெட்ட வார்த்தையில்தான் பதில் வரும். அது நியாயமான கோபம். ஆனால் அந்தக் கதையில் போடியார் கடவுள் என்று சொன்னது நானில்லை.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒக்ஸ்பர்டில் சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்தார், கிழமையில் இரண்டு நாள் உபவாசம், கடல் கடந்து ஜோர்ஜியாவுக்கு மிஷனரியாகப் போனார். குருவானவர்தான். கிரியை என்றால் அவரிடம் குறைவில்லை. மனதில் நிம்மதிதான் இல்லை. 1738 மே 24 இரவு, லண்டன் அல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் தன் பாவமும் போயிற்று என்ற நிச்சயம் வந்தது. அவர் வழியில் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814ல் மட்டக்களப்புக்கு வந்தார், 1815ல் இங்கேயே இறந்தார். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அவருக்கும் ஒரு வருடம்கூட இல்லை, ஐயா. கனி கொடாத மரம் என்று சொல்வோமா?

"மாமா என்றபடியால் எழுதுகிறாய்." ஆமாம். வேறு யாருக்காக எழுதுவேன்? காசுக்காரர்களுக்கு எழுத ஆள் இருக்கிறது. மீற்றர் வட்டிக்கு, அநியாய வட்டிக்கு, கொடுத்து ஊரில் எத்தனை பேரின் தாலிக்கொடியை எடுத்தவர் செத்தபோது, இதே வாயால் "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்" வாசிக்கப்பட்டது. அவர் பெயர் கோயில் ஃபேன் செட்டையில் இருக்கிறது, ஒலிபெருக்கிப் பெட்டியில் இருக்கிறது. விசுவாசத்தினால் மட்டும் என்பது காசுள்ளவனுக்கு, கிரியையும் வேண்டும் என்பது ஓடாவிக்கு. இதை முதலிலேயே எழுதிப் போட்டிருந்தால் நாங்கள் பாட்டுக்கு இருந்திருப்போமே.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே." தொடவில்லை. எழுதுகிறேன்.

"மற்றச் சமயத்தவர்கள் பார்க்கிறார்கள், சபை விஷயத்தை வெளியில் கொண்டுவரலாமா?" அவர்கள் அன்றைக்கு அங்கேயே நின்றார்கள். பெட்டியைத் தூக்கியதில் இரண்டு பேர் நெற்றியில் திருநீறோடு வந்தவர்கள். பக்கத்து வீட்டு அம்மா, மாமாவின் கையால் கட்டில் வாங்கியவர், வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக் கேட்டார், "உங்கட சாமி மன்னிக்கிற சாமி எண்டுதானே சொல்லுவீங்க? மறுகா ஏன் புள்ள அவர் அப்பிடிச் சொன்னவர்?" நான் என்ன சொல்ல? நீங்களே வந்து சொல்லுங்கள்.

ஆராதனைக்கு வந்தாரா என்று கேட்டீர்களே. பதில் சொல்கிறேன், கேட்டதால். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மாமா ஆராதனைக்கு வந்திருந்தார், வெள்ளைச் சேட்டுப் போட்டு, முன்வரிசைக்கு இரண்டாவது வாங்கில். காய்ச்சல் என்று மகளை வீட்டில் அம்மம்மாவோடு விட்டுவிட்டு வந்தவர். வீடு கடற்கரைப் பக்கம். மிச்சம் கல்லடி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு அவர் ஞாயிறு காலையில் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நத்தார் இரவு வருவார், வெளியே மரத்தடியில் நிற்பார், பாட்டு முடிந்ததும் போய்விடுவார். அடுத்த வருடமெல்லாம் முகாமில் கிடந்த சனத்துக்குக் கதவு நிலை அடித்தும், கட்டில் அடித்தும் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. குடியும் அப்போது தொடங்கியதுதான்.

உடனே, "பார், நீயும் கிரியையைத்தானே வாசிக்கிறாய்" என்று பிடிக்கப் பார்ப்பீர்கள். கடவுளுக்கு இதை நான் வாசிக்கவில்லை, அவருக்கு ஒருவரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. உங்களுக்குத்தான் வாசிக்கிறேன். கணக்குத் திறந்தது நீங்கள், அதையும் அரைவாசிதான் வாசித்தீர்கள்.

31ம் நாள் ஜெபம் வீட்டில்தான். பிரசங்கம் வேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டார், ரோமர் 4 வாசிப்போம், பாட்டுப் படிப்போம், பிறகு சாப்பாடு. வர விரும்புகிறவர்கள் வரலாம், ஆமென் போட்டவர்களும்தான். யாக்கோபு 2:24ஐக் கொமெண்டில் போட இருப்பவர்கள் முதலில் 15, 16ஐ வாசித்துவிட்டுப் போடுங்கள். மாமி இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார், பாஷையைக் கவனித்து எழுதுங்கள்.