விஸ்லர் பிறந்தது ரஷ்யாவில் அல்ல

"ஓவியர் விஸ்லர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர், 1878-இல் நீதிமன்றத்திலேயே சொன்னாரே" என்றும், ரஷ்யாவில் ரயில் பாதையை முடித்தவர் அவருடைய தந்தை என்றும் ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். விஸ்லர் அப்படிச் சொன்னது உண்மை, சொன்ன செய்தி பொய். அவர் பிறந்தது 1834-இல், அமெரிக்காவின் லோவெல் நகரில். தந்தை ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதைப் பணிக்காக ரஷ்யா சென்றதே 1842-இல்தான். மறு ஆண்டு குடும்பமும் கிளம்பியது. வழியில் கப்பலிலேயே குழந்தை சார்லஸ் இறந்துபோனான். ரஷ்யாவில் பிறந்தவன் தம்பி ஜான், அவனும் 1846-இல் இறந்துவிட்டான். தாய் அன்னாவின் கடிதங்களும் நாட்குறிப்பும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இணையப் பதிப்பில் இருக்கின்றன. மகனின் வாக்குமூலத்தை நம்பும் முன் தயவுசெய்து தாய் எழுதியதைப் படியுங்கள். பாதையைத் தந்தை முடித்தார் என்பதும் தவறு: அவர் 1849-இல் இறந்தார், பாதை திறந்தது 1851-இல்.