மருந்து தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள் டாக்டர்

வேலூர் பக்கம் சிறப்பு மருத்துவர்களின் கிளினிக்குகளுக்குக் கணினியில் சின்னச் சின்ன நோயாளிப் பதிவேடுகள் அமைத்துத் தருகிறேன். எல்லா டாக்டரும் முதலில் சொல்வது, "இருக்கிற எல்லாத்தையும் ஏத்திடுங்க". நான் வேண்டாம் என்பேன். அறுபது கட்டம் வைத்தால், காலையில் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும்போது ரிசப்ஷனில் இருக்கும் பெண் எதை நிரப்புவார்? பதிவேட்டிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கு வேண்டிய கட்டம் மட்டும் போதும்.

மூட்டுவாத கிளினிக்கையே எடுத்துக்கொள்வோம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் 5 ஆண்டு சாப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் அந்த மருந்தால் அங்கே பாதிப்பு வந்துவிட்டால் பார்வை பெரும்பாலும் திரும்பாது. யாருக்கெல்லாம் 5 ஆண்டு முடிந்தது? பீரோ நிறைய ஃபைலைப் புரட்டி யார் சொல்வார்கள்? மருந்து தொடங்கிய தேதிக்கு ஒரு கட்டம் இருந்தால் ஒரு நிமிட வேலை. மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான்: வாரம் ஒருமுறை போடும் மாத்திரை, ரத்த அணுக்களையும் கல்லீரலையும் விடாமல் பார்த்துவர வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. கடைசியாக ரத்தம் பார்த்த தேதி இருந்தால், விட்டுப்போனவர்களுக்கு இன்றைக்கே போன் போடலாம்.

வயதை எழுதாதீர்கள், அடுத்த வருடமே தப்பாகிவிடும்; பிறந்த ஆண்டை எழுதுங்கள். மாவட்டத்தை நம்பியும் தேடாதீர்கள். 1989-ல் வட ஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது, ஒரே வாலாஜாக்காரர் பழைய ஃபைலில் வட ஆற்காடு, அப்புறம் வேலூர், இப்போது ராணிப்பேட்டை. ஊரும் பின்கோடும் போதும்.

ஒரு கிளினிக்கில் எக்செல்லில் பெயர்களை மட்டும் அகரவரிசைப்படுத்தி சேமித்துவிட்டார்கள், மற்ற கட்டங்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. ஒருவருடைய ரத்த முடிவு இன்னொருவர் பெயருக்கு நேராக! நினைத்தால் இப்போதும் பதறுகிறது. முந்தைய வார நகல் தனியாக இருந்ததால் மீண்டார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், வாராவாரம் கடவுச்சொல் போட்ட ஒரு நகல், இரண்டும் இல்லாமல் நான் எதையும் அமைப்பதில்லை.

போன மாதம் ஒரு கிளினிக்கில் முதல்முறையாகக் கண் பரிசோதனைப் பட்டியல் எடுத்தோம். பல வருடமாக மாத்திரை சாப்பிட்டும் ஒருமுறைகூடக் கண் பார்க்காத ஓர் அம்மாவுக்கு நர்ஸ் போன் போட்டார். "மூட்டுவலி மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறார். பொறுமையாகச் சொன்னதும், அடுத்த வாரமே மகனோடு வந்துவிட்டார்.